முடிவின் காரணத்தை எங்கே எழுதி வைப்பது: கமிட்டிலா, கோப்பிலா, நிரலுக்குள்ளேயா?

பைத்தானில் எழுதிய ஒரு பில்லிங் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி. கணக்கிடும் இடத்தில், பைசாவை ரூபாய்க்கு ரவுண்ட் ஆஃப் செய்ய யாரோ சொந்தமாக ஒரு ஃபங்ஷன் எழுதி வைத்திருக்கிறார்கள். பைத்தானிலேயே ரவுண்ட் என்று ஒன்று இருக்கும்போது இது எதற்கு? புதிதாகச் சேர்ந்த டெவலப்பர் அதைத் தூக்கிவிட்டு பைத்தானின் ரவுண்டையே போடுகிறார். பத்து வரி ஒரு வரியாகிறது. ரிவ்யூ செய்பவரும் சரி என்கிறார்.

அப்புறம் கணக்கு உதைக்கும். சி.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 170-ஆவது பிரிவு, 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த ரூபாய், குறைவாக இருந்தால் விட்டுவிடு என்கிறது. பைத்தான் 3-இன் ரவுண்ட் அப்படிச் செய்வதில்லை. சரியாகப் பாதியில் நின்றால் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போய்விடும். 163.50 என்றால் 164 வரும், பிரச்சினை இல்லை. 162.50 என்றால் 163 வர வேண்டிய இடத்தில் 162 வரும். பாதி தடவை சரியான விடை வருவதால் தவறு சீக்கிரம் கண்ணில் படாது.

அந்த ஃபங்ஷனை முதலில் எழுதியவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். ஏன் அப்படி எழுதினார் என்று எங்கேயாவது குறித்தும் வைத்திருப்பார். ஆனால் அவர் குறித்த இடம், அழிக்க வந்தவர் போகிற வழியில் இல்லை. முடிவுகளையும் அவற்றின் காரணங்களையும் பதிவுசெய்வதற்கென்றே இன்று வார்ப்புருக்கள், கட்டளைகள், குட்டி லைப்ரரிகள் என்று நிறைய வந்துவிட்டன. எதை எடுக்கலாம் என்று யோசிக்கிற குழுக்கள் பெரும்பாலும் எதில் எழுதுவது சுலபம் என்றுதான் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. எழுதுவது எல்லாவற்றிலும் சுலபம்தான். முடிவைக் கலைக்க வருகிறவரின் காலில் அந்தக் காரணம் தானாகத் தட்டுப்படுமா என்பதுதான் என் அளவுகோல். காரணத்தைத் தேடிப் போய்ப் படிக்கிற ஆள் அபூர்வம். தேட வேண்டும் என்று தோன்றினாலே பாதி ஆபத்து நீங்கிவிடும்.

எதை எழுதுவது என்பதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. 1970-லேயே ஹோர்ஸ்ட் ரிட்டலும் வெர்னர் குன்ஸும் ஐ.பி.ஐ.எஸ். என்று ஒரு முறையை முன்வைத்தார்கள்: ஒரு கேள்வி, அதற்கு இருக்கக்கூடிய நிலைப்பாடுகள், ஒவ்வொன்றுக்கும் சாதகமாகவும் பாதகமாகவும் உள்ள வாதங்கள். டேவிட் பார்னஸும் பால் கிளெமென்ட்ஸும் 1986-இல், யோசித்துப் பார்த்துத் தள்ளிய வழிகளையும் தள்ளிய காரணத்தையும் ஆவணத்தில் வைக்கச் சொன்னார்கள்; பின்னால் பராமரிக்க வருகிறவருக்கும் அதே யோசனைகள் தோன்றும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். இன்றைக்கும் அதுவேதான். என்ன நிலைமையில் இருந்தோம், எதை எடுத்தோம், எதைத் தள்ளினோம், எது மாறினால் இதைத் திரும்பப் பார்க்க வேண்டும். கடைசி இரண்டைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

விக்கியை இரண்டு வரியில் முடித்துவிடலாம். கான்ஃப்ளுயன்ஸ், நோஷன், கூகுள் டாக்ஸ் எதுவானாலும் அது பரண்தான். மேலே ஏற்றியது ஏற்றியவருக்கு மட்டுமே ஞாபகம் இருக்கும். மேலதிகாரிக்கோ வாடிக்கையாளருக்கோ காட்ட வேண்டிய விஷயம் என்றால் அங்கேயும் ஒரு பிரதி வையுங்கள், நிரலைத் திருத்துகிறவருக்கான இடம் அது இல்லை. சாட்டில் நடந்த விவாதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அடுத்தது கமிட் செய்தி: நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் என்ற கருவியில் ஒரு மாற்றத்தைப் பதியும்போது (அந்தப் பதிவுதான் கமிட்) கூடவே எழுதுகிற குறிப்பு. அதற்கு நான் மிகுந்த மரியாதை வைத்திருக்கிறேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு ஒரு பேட்ச் (திருத்தம்) அனுப்பினால், என்ன மாற்றினாய் என்பதற்கு முன்னால் என்ன பிரச்சினை என்று விளக்கச் சொல்வார்கள். எந்தப் பழைய கமிட்டின் தவறைச் சரிசெய்கிறது என்பதற்கு ஒரு தனி வரி, அதில் அந்தக் கமிட்டின் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்துகள். அந்தக் கட்டுப்பாடு இருப்பதால் கெர்னலின் ஏதாவது ஒரு வரியில் கிட் பிளேம் (அந்த வரியைக் கடைசியாக மாற்றிய கமிட்டைக் காட்டும் கட்டளை) போட்டால் பெரும்பாலும் ஒரு முழுக் கதை கிடைக்கும். தனிக் கருவி வேண்டாம், தனிக் கோப்பு வேண்டாம், எழுதியது வரியோடு ஒட்டிக்கொண்டே போகும்.

ஆனால் பிளேம் போட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டுமே. நம் ரவுண்ட் ஃபங்ஷனை அழித்தவருக்குத் தோன்றவில்லை. தேவையில்லாத நிரல் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர் எதற்குச் சரித்திரம் படிக்கப் போகிறார்? தோன்றினாலும் தடைகள் உண்டு. ஒருநாள் யாராவது, வரிகளின் அமைப்பை ஒழுங்குபடுத்தும் ஃபார்மேட்டரை முழு ரெப்போவிலும் (நிரல் முழுவதும் இருக்கும் கிட் களஞ்சியத்தில்) ஓட்டிவிட்டால் எல்லா வரியும் அந்தக் கமிட்டின் பெயரில் வந்து நிற்கும். 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23-இல் அப்படிப்பட்ட கமிட்டுகளை ஒதுக்கிவிட்டுப் பார்க்க வழி வந்துவிட்டது. ஆனால் அந்தப் பட்டியலை ஒரு கோப்பில் போட்டுப் பராமரிக்கிற குழுக்கள் குறைவு. ஸ்குவாஷ் மெர்ஜ் இன்னொரு தொல்லை: பொறுமையாக எழுதிய ஐந்து கமிட் செய்திகள் ஒரே மூட்டையாகி, மெர்ஜ் பொத்தானை அமுக்குகிறவர் அதையும் வெட்டிவிடுகிறார். சர்வீஸ் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்கு மூன்றாவதும் தெரியும். புராஜெக்ட் முடிந்ததும் வாடிக்கையாளருக்கு நிரலை ஜிப் செய்து கொடுப்பார்கள், கிட் சரித்திரம் இங்கேயே தங்கிவிடும். அங்கே எடுத்து நடத்தப்போகிற குழுவுக்குக் காரணம் ஒன்றுகூடப் போய்ச் சேராது.

கமிட் செய்தியில் இன்னொரு குறையும் உண்டு: அது முடிந்துபோன விஷயம். பின்னால் முடிவு மாறினால் பழைய செய்தியில் போய் இது இப்போது செல்லாது என்று எழுத முடியாது. சின்னச் சின்னத் தேர்வுகளுக்கு அது பரவாயில்லை.

அடுத்தது கோப்பு. 2011 நவம்பரில் மைக்கேல் நைகார்ட் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். ஒவ்வொரு முக்கியமான வடிவமைப்பு முடிவுக்கும் ஒரு குட்டி எழுத்துக் கோப்பு. அதை நிரல் இருக்கும் ரெப்போவிலேயே வரிசை எண் போட்டு வையுங்கள் என்றார். தலைப்பு, சூழல், முடிவு, நிலை, விளைவுகள் என்று ஐந்தே பகுதிகள். ஒன்றிரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. முடிவு மாறினால் பழைய கோப்பை அழிக்காமல், இன்ன எண்ணால் மாற்றப்பட்டது என்று நிலையை மட்டும் திருத்த வேண்டும். இதற்கு ஆர்க்கிடெக்சர் டிசிஷன் ரெக்கார்டு என்று பெயர் நிலைத்துவிட்டது, எல்லோரும் ஏ.டி.ஆர். என்பார்கள்.

இதைச் சுற்றி வந்த கருவிகளில் நேட் பிரைஸ் எழுதிய ஏ.டி.ஆர். டூல்ஸ் எனக்குப் பிடித்தது, காரணம் அதில் ஒன்றும் இல்லை என்பதுதான். வெறும் பேஷ் ஸ்கிரிப்டுகள். ஒரு கட்டளை அடுத்த எண்ணோடு புதுக் கோப்பு உருவாக்கும். பழைய எண்ணை மாற்றுகிறது என்று சொன்னால் இரண்டு கோப்பிலும் இணைப்பைப் போட்டுவிடும். முதன்முதலில் ஓட்டும்போது அதுவே முதல் பதிவை எழுதிக் கொடுத்துவிடும்: முடிவுகளைப் பதிவுசெய்வது என்று முடிவு செய்தோம் என்பதே அந்தப் பதிவு. கருவி நாளைக்குக் காணாமல் போனாலும் மார்க்டவுன் கோப்புகள் அப்படியே இருக்கும்.

மேடர் என்று இன்னொரு வார்ப்புரு உண்டு, நைகார்டுடையதைவிட நீளம். பரிசீலித்த வழிகள் என்று தனிப் பகுதி, ஒவ்வொன்றின் நல்லதும் கெட்டதும் எழுத இடம், எடுத்த முடிவு நிரலில் உண்மையிலேயே கடைப்பிடிக்கப்படுகிறதா என்று எப்படி உறுதிசெய்வீர்கள் என்று கேட்கிற ஒரு பகுதி. நைகார்டின் வடிவத்தில் தள்ளிய வழிகளுக்குத் தனித் தலைப்பு கிடையாது, அதனால் ஜனங்கள் எழுதுவதும் கிடையாது. மேடரின் ஆபத்து நேர்மாறானது. இத்தனை தலைப்பைப் பார்த்ததும் பாதிப் பேர் மிரண்டுவிடுவார்கள், மீதிப் பேர் படிவம் நிரப்புவதுபோல் நிரப்புவார்கள். தள்ளிய வழிகளை மட்டும் மேடரிலிருந்து எடுத்து நைகார்டின் வடிவத்தில் சேர்த்துக்கொண்டால் போதும் என்பது என் அபிப்பிராயம். வெளிப்படையாக நடக்கும் பெரிய திட்டங்கள் அந்தப் பகுதியை விடுவதே இல்லை: பைத்தானில் மாற்றம் கேட்டு எழுதும் பெப் என்ற முன்மொழிவின் வார்ப்புருவில் நிராகரித்த யோசனைகளுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது, ரஸ்ட் மொழிக்கான அதே மாதிரி முன்மொழிவான ஆர்.எஃப்.சி.யின் வார்ப்புருவில் மாற்று வழிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். அதே யோசனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை யாராவது புதிதாகக் கொண்டுவந்தால் என்ன பாடு என்று அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கோப்பு எங்கே ஜெயிக்கிறது என்பதற்கு அதே பில்லிங் மென்பொருளிலிருந்து வேறொரு முடிவைப் பார்ப்போம். ஜி.எஸ்.டி.யில் இ-இன்வாய்ஸ் (பில்லை அரசின் இணையதளத்தில் பதிவுசெய்வது) கட்டாயம் என்பது 2020 அக்டோபர் 1 அன்று, ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களோடு தொடங்கியது. 2021 ஜனவரியில் 100 கோடி, அதே ஆண்டு ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்டில் 5 கோடி என்று வரம்பு இறங்கிக்கொண்டே வந்தது. இப்போது 2021-ஆம் ஆண்டின் நடுவில் இருக்கிற ஒரு சின்னக் குழுவைக் கற்பனை செய்யுங்கள். வாடிக்கையாளர்கள் எல்லோரும் எட்டு, பத்து, பதினைந்து கோடிக்காரர்கள். இ-இன்வாய்ஸ் நமக்கு வேண்டாம் என்று அவர்கள் எடுத்திருக்கக்கூடிய முடிவு அன்றைக்கு முழுக்க நியாயமானது. அடுத்த ஆண்டு அக்டோபருக்குள் அவர்களில் பாதிப் பேருக்கு அது தவறாகிவிடுகிறது.

இந்த முடிவை நிரலில் எந்த வரியின் மேல் எழுதுவீர்கள்? வரியே கிடையாது. செய்யாமல் விட்டதற்கு நிரலில் முகவரி இல்லை. மைக்ரோசர்வீஸ் வேண்டாம், மொபைல் ஆப் இப்போதைக்கு வேண்டாம், வாடிக்கையாளருக்கு ஒரு டேட்டாபேஸ் என்று பிரிக்க வேண்டாம் என்று ஒரு குழுவின் மிகப் பெரிய முடிவுகள் எல்லாம் வேண்டாம் வகைதான். இவற்றுக்குக் கோப்பைத் தவிர வேறு நல்ல இடம் இல்லை. கமிட் செய்தியும் கிடையாது, செய்யாததற்கு ஏது கமிட்?

ஆனால் நம் ரவுண்ட் ஃபங்ஷனுக்கு ஏ.டி.ஆர். எழுதியிருந்தால்? ஆவணங்கள் அடைவுக்குள் பன்னிரண்டாம் எண் கோப்பாக அது சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். அழிக்க வந்தவர் அந்த அடைவைத் திறந்திருக்கவே மாட்டார். கோப்பு என்பது கேள்வி கேட்கிறவருக்கு நல்லது: புதிதாகச் சேர்ந்தவர் முதல் வாரத்தில் படிக்க, பழைய சண்டை மீட்டிங்கில் மறுபடி கிளம்பினால் எண்ணைச் சொல்லி முடிக்க. கேள்வியே கேட்காதவரை அது தடுக்காது.

இங்கேதான் குட்டி லைப்ரரி யோசனை வருகிறது. காரணத்தை நிரலின் மேலேயே ஒட்டிவிடுவோம். ஜாவாவில் இ-ஏ.டி.ஆர். என்று ஒன்று இருக்கிறது. அனொட்டேஷனாக, அதாவது நிரலின் மேல் ஒட்டுகிற ஒரு குறிப்பாக, முடிவை கிளாஸின் தலையிலேயே எழுதலாம். ஒய்-ஸ்டேட்மென்ட் என்கிற ஒற்றை வாக்கிய வடிவமும் அதில் உண்டு: இந்தச் சூழலில், இந்தச் சிக்கலுக்கு, இதை எடுத்தோம், இதைத் தள்ளினோம், இந்தப் பலனுக்காக, இந்த நஷ்டத்தை ஏற்றுக்கொண்டு. பைத்தானில் இப்படி ஒன்றைச் சொந்தமாகவே எழுதிவிடலாம். முடிவின் எண், காரணம், தள்ளியது, மறுபரிசீலனைத் தேதி என நான்கைப் பெற்றுக்கொண்டு, ஃபங்ஷனின் மேல் ஒரு குறிப்பாக ஒட்டிவிட்டு, அதே ஃபங்ஷனைத் தொடாமல் திருப்பிக் கொடுக்கிற ஒரு டெகரேட்டர். முழு லைப்ரரியும் ஒரு திரைக்குள் அடங்கும். ஓடும்போது வேகத்தில் வித்தியாசம் இருக்காது.

இதற்கு ஏன் லைப்ரரி, சாதாரணக் கமென்ட் போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் கருவிகளில் இருக்கிறது. பைத்தானின் ஏ.எஸ்.டி. தொகுதி நிரலை மரமாக மாற்றும்போது கமென்டுகளைத் தூக்கி எறிந்துவிடும், டெகரேட்டரை வைத்துக்கொள்ளும். அதனால் ரெப்போ முழுக்க என்னென்ன முடிவுகள் இருக்கின்றன, எதில் காரணம் காலியாக இருக்கிறது, எதன் தேதி தாண்டிவிட்டது என்று நிரலை ஓட்டாமலேயே ஒரு சின்ன ஸ்கிரிப்டால் பட்டியல் எடுக்கலாம். எடிட்டரில் ஃபங்ஷனின் பெயரைத் தேடிப் போனால் டெகரேட்டரும் கூடவே தெரியும். காரணத்தை எழுதாமல் விட்டால் இறக்குமதி செய்யும்போதே பிழை வரும்படியும் வைக்கலாம். வார்ப்புருவால் முடியாத கட்டாயம் இது.

கவர்ச்சியான யோசனை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது. டெகரேட்டரை ஃபங்ஷன் மேலும் கிளாஸ் மேலும்தான் வைக்க முடியும். முடிவுகள் பெரும்பாலும் ஒரு மாறிலியிலோ, உள்ளே பதினெட்டாவது வரியில் இருக்கிற ஒரு நிபந்தனையிலோ, பைத்தானே இல்லாத கான்ஃபிக் கோப்பிலோ இருக்கும். ரிவ்யூவில் இது இன்னும் மோசமாகும். கிட் டிஃப் இயல்பாக மாற்றத்துக்கு மேலேயும் கீழேயும் மூன்று வரிகளைத்தான் காட்டும். பதினெட்டாவது வரியை ஒருவர் மாற்றினால், ஃபங்ஷனின் தலையில் இருக்கிற உங்கள் அழகான டெகரேட்டர் ரிவ்யூ செய்பவரின் திரைக்கே வராது. அந்தப் பதினெட்டாவது வரிக்கு மேலே சாதாரணக் கமென்டில் முடிவு 12 பார்க்க என்று எழுதியிருந்தால் வந்திருக்கும். லைப்ரரியின் மொத்த வாதமும் காரணம் கண்ணில் படும் என்பதுதான்; அந்த வாதத்தில் சாதாரணக் கமென்ட் அதைத் தோற்கடித்துவிடுகிறது.

காப்பி பேஸ்ட் வேறு இருக்கிறது. ஃபங்ஷனை நகலெடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்துகிறவர் தலையில் இருப்பதையும் சேர்த்தே நகலெடுப்பார். சம்பந்தமில்லாத இடத்தில் சம்பந்தமில்லாத காரணம் முளைக்கும். அதோடு, ஒரு குழுவில் நால்வர் டைப்ஸ்கிரிப்டும் ஒருவர் பைத்தானும் எழுதினால் லைப்ரரியை இரண்டு மொழியில் வைத்திருக்க வேண்டும். முடிவுகளைப் பதிவுசெய்கிற லைப்ரரியே பராமரிப்புக்கு ஆள் கேட்கத் தொடங்கிவிட்டால் கதை கந்தல்தான்.

கடைசியாக ஒரு வகை இருக்கிறது, அதை யாரும் முடிவுப் பதிவு என்ற பட்டியலில் சேர்ப்பதில்லை. ஆனால் என் அளவுகோலில் அதுதான் முதலில் நிற்கிறது: காரணத்தைத் தோற்கிற டெஸ்டுக்குள், அதாவது நிரல் சரியாக நடக்கிறதா என்று தானாகச் சோதிக்கிற நிரலுக்குள், வைப்பது. ஜாவா உலகில் ஆர்ச்யூனிட் என்ற லைப்ரரி இருக்கிறது. திரை அடுக்கிலிருந்து டேட்டாபேஸ் அடுக்கை நேரடியாகக் கூப்பிடக்கூடாது என்பது போன்ற விதிகளை அதில் டெஸ்டாக எழுதலாம். அந்த விதியின் முடிவில் பிகாஸ் என்று ஒரு மெத்தட் உண்டு, அதற்குள் காரணத்தை எழுதலாம். யாராவது விதியை மீறினால் பில்டு உடையும் (மென்பொருளைத் தயாரிக்கும் வேலை பிழையோடு நின்றுவிடும்), உடைகிற செய்தியிலேயே அந்தக் காரணம் அச்சாகும். காரணம் படிக்க வேண்டியவர் கண் முன்னால், படிக்க வேண்டிய அந்த நிமிடத்தில் வந்து நிற்கிறது. மேடர் வார்ப்புருவில் எப்படி உறுதிசெய்வீர்கள் என்று கேட்கிற பகுதியிலும் ஆர்ச்யூனிட்டைத்தான் உதாரணமாகக் காட்டியிருக்கிறார்கள்.

ரவுண்ட் ஃபங்ஷனுக்கு ஆர்ச்யூனிட் அளவுக்கெல்லாம் போக வேண்டாம். 162.50 கொடுத்தால் 163 வர வேண்டும் என்று ஒரு டெஸ்ட். தோற்றால் வருகிற செய்தியில் ஒரு வரி: சி.ஜி.எஸ்.டி. பிரிவு 170, பாதி ரூபாய் மேலே போக வேண்டும், பைத்தானின் ரவுண்ட் இரட்டைப்படைக்குப் போகும், முடிவு 12 பார்க்க. அழிக்க வந்தவர் நல்லவரோ அவசரக்காரரோ, இதைத் தாண்டிப் போக முடியாது. இரட்டைப்படை ரூபாயோடு 50 பைசா சேர்ந்த தொகையைத் தேர்ந்தெடுத்து டெஸ்ட் எழுத வேண்டும் என்பது முக்கியம், 163.50 வைத்து எழுதினால் தவறான நிரலும் பாஸாகிவிடும். ஜிப்பில் கட்டி அனுப்பினாலும் டெஸ்ட் கூடவே போகும்.

தேதி முடிந்தால் கத்துகிற லைப்ரரிகளும் இதே குடும்பம்தான். ரூபியில் டூடூ ஆர் டை என்று ஒரு ஜெம் (ரூபி லைப்ரரி) உண்டு. இந்தத் தேதிக்குள் இதைச் செய்துவிடு என்று நிரலில் எழுதி வைத்தால், தேதி தாண்டியதும் பிழையை எறியும். ரெயில்ஸின் (ரூபியின் இணையச் சட்டகம்) புரொடக்ஷனில், அதாவது வாடிக்கையாளர் பயன்படுத்தும் இடத்தில், மட்டும் லாகில் எச்சரிக்கையோடு விட்டுவிடும். ஜாவாஸ்கிரிப்டில் நிரலைச் சோதிக்கும் ஈ.எஸ்.லின்ட் கருவிக்கான யூனிகார்ன் பிளகினில் காலாவதியாகும் டூடூ (பிறகு செய்ய வேண்டியது) கமென்டுகளுக்கென்று ஒரு விதி இருக்கிறது. அதில் தேதி மட்டுமல்ல, இன்ன பேக்கேஜ் இன்ன பதிப்பை எட்டினால் என்றும் நிபந்தனை வைக்கலாம். இந்தப் பதிப்பில் ஒரு பிழை இருக்கிறது, அதனால் இப்படிச் சுற்றி வளைத்து எழுதினோம் என்கிற வகை முடிவுகளுக்கு இதைவிடப் பொருத்தமானது நான் பார்த்ததில்லை. காரணம் தீர்ந்ததும் அதுவே வந்து சொல்லும்.

தேதியை வைத்து பில்டை உடைப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. அது உடைகிற நாளில் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் அவசரத் திருத்தம் போட்டுக்கொண்டிருப்பார். தேதியை ஆறு மாதம் தள்ளி வைத்துவிட்டுப் போவார், அதில் தவறு சொல்ல முடியாது. அதைவிடப் பெரிய தொல்லை கிட் பைசெக்டில் வரும். ஒரு பிழை எப்போது நுழைந்தது என்று பழைய கமிட்டுகளுக்குப் போய்ப் பார்த்தால், அன்றைக்கு எதிர்காலமாக இருந்த தேதிகள் எல்லாம் இன்றைக்குத் தாண்டிப் போயிருக்கும். நன்றாக ஓடிய பழைய பதிப்புகளும் உடைந்து காட்டும். நிரல் எப்படி நடக்க வேண்டும் என்ற விதி மீறப்பட்டால் பில்டை உடையுங்கள். தேதி என்றால் மாதம் ஒருமுறை ஓடுகிற தனி வேலையாக வைத்து, தாண்டியவற்றுக்கு ஒரு இஷ்யூ திறக்கச் சொன்னால் போதும். இ-இன்வாய்ஸ் முடிவுக்கு அதுதான் தேவைப்பட்டிருக்கும்: கோப்பின் தலையில் மறுபரிசீலனைத் தேதி, வரம்பு 20 கோடிக்கோ அதற்குக் கீழோ இறங்கினால் என்று ஒரு வரி, மாதம் ஒருமுறை அதை யாராவது ஒருவர் மேஜையில் கொண்டுவந்து வைக்கிற ஸ்கிரிப்ட். ஒவ்வொரு முறை வரம்பு இறங்கும்போதும் அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே சில வாரங்களோ இரண்டு மூன்று மாதங்களோதான் கிடைத்தன. அந்த அவகாசம் வீணாகாமல் இருந்தால் பெரிய விஷயம்.

ஆகவே நான்கைந்து பேர் உள்ள ஒரு குழு என்னிடம் கேட்டால், டெகரேட்டர் லைப்ரரி வேண்டாம் என்பேன். எழுதிப் பார்ப்பதற்கு ஆசையாக இருக்கும், தெரியும். அந்த நேரத்தில் ரெப்போவில் ஓர் அடைவு போட்டு மார்க்டவுன் கோப்புகளில் வேண்டாம் வகை முடிவுகளையும் திருப்பிப் போகக் கஷ்டமான முடிவுகளையும் எழுதுங்கள். நிரலின் நடத்தையைப் பற்றிய முடிவு என்றால் டெஸ்டும் அதன் தோல்விச் செய்தியும். டெஸ்ட் எழுத முடியாத இடத்தில், அந்த வரிக்கு நேர் மேலே எண்ணோடு ஒரு கமென்ட். மீதிக்குக் கமிட் செய்தி. கமென்டுகளில் இருக்கிற எண்ணுக்கெல்லாம் உண்மையிலேயே கோப்பு இருக்கிறதா, மாற்றப்பட்டது என்று குறித்த கோப்பை எந்தக் கமென்டாவது இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினால் லைப்ரரியின் பலனில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும், எந்த மொழியில் நிரல் இருந்தாலும்.

பெரிய ஜாவா குழு, முப்பது பேர், அடுக்குகளை மீறுவதுதான் தினசரிப் பிரச்சினை என்றால் ஆர்ச்யூனிட்டை உடனே எடுத்துக்கொள்ளுங்கள், பிகாஸ் இல்லாத விதியை ரிவ்யூவில் ஏற்காதீர்கள். நிரலில் எங்கெங்கே எந்த முடிவு அமலாகியிருக்கிறது என்று தணிக்கைக்குப் பட்டியல் கொடுக்க வேண்டிய இடம், ஒரே மொழி, பராமரிக்க ஆளும் உண்டு என்றால் அனொட்டேஷன் வகை லைப்ரரிக்கு அர்த்தம் இருக்கிறது. அந்த ஒரு சூழலில் மட்டும். தனியாளாக எழுதுகிறவருக்குக் கமிட் செய்தியும் டெஸ்டும் போதும்.

எந்த மொழியில் எழுதுவது என்று கேட்பார்கள். வாதம் தமிழில் நடந்தது, நிரல் கோயம்புத்தூரிலேயேதான் இருக்கப்போகிறது என்றால் காரணத்தைத் தமிழிலேயே எழுதலாமே. கோப்பில் தமிழ் எழுத்துக்கு ஒரு தடையும் இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் போகிற நிரல் என்றால் வேறு வழியில்லை.

பழைய ரெப்போவில் தொடங்குகிறவர்கள் கடந்த ஐந்து வருட முடிவுகளையெல்லாம் உட்கார்ந்து எழுதத் தேவையில்லை. பாதி ஞாபகத்தில் எழுதுகிற காரணம் பெரும்பாலும் பிற்பாடு கற்பித்த நியாயமாகத்தான் இருக்கும். ஏன் இப்படி என்று ஒரே விஷயத்தை இரண்டாவது ஆள் வந்து கேட்கும்போது அதை மட்டும் எழுதுங்கள். எழுதும்போது, தள்ளிய வழிகள் என்ற பத்தியை அந்த வழிக்காக வாதாடித் தோற்றவரிடமே கொடுங்கள். ஜெயித்தவர் எழுதினால், மாங்கோ டிபி பரிசீலித்தோம், பொருந்தவில்லை என்று நாலே வார்த்தையில் முடித்துவிடுவார். தோற்றவர் எழுதினால் எந்தத் தேவை வந்தால் தன் வழி பொருந்தும் என்பதையும் எழுதிவிடுவார். மறுபரிசீலனைக்கான நிபந்தனையை வேறெங்கும் போய்த் தேட வேண்டியிருக்காது.